கார்ட்டூனும் டி.வி.யும் குழந்தைகளும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டி.வி. நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். குழந்தைக்கு எத்தனை வயது, எதைப் பார்க்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அந்த நேரத்தில் வீட்டில் வேறு எது நடக்காமல் போகிறது என்று பிரித்துக் கேட்டால் தெளிவாகவே சொல்லலாம். இதில் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

எந்த வயதிலிருந்து டி.வி. காட்டலாம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒன்றரை வயது வரை வீடியோ காலில் உறவினர்களோடு பேசுவது தவிர வேறெதுவும் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை தரமான நிகழ்ச்சி ஒரு மணி நேரம், அதையும் பெற்றோர் கூட உட்கார்ந்து பார்ப்பது நல்லது என்றது.

ஐந்து வயதுக்கு மேல் இவ்வளவு மணி நேரம் என்று ஒரே எண்ணை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. தூக்கம், ஓடியாடும் விளையாட்டு, பாடம், வீட்டாரோடு பேச்சு இவையெல்லாம் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றுக்குப் போக மிஞ்சும் நேரம்தான் டி.வி.க்கு.

கைக்குழந்தைக்குச் சொல் கற்றுத்தரும் வீடியோக்கள் பயன்படாதா?

பயன்படுவதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003இல் ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். சில குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர் நேரில் உட்கார்ந்து கதை படித்தார், பொம்மை காட்டிப் பேசினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு, அதே பொம்மைகள் திரையில் மட்டும் காட்டப்பட்டன. நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். திரையில் பார்த்தவர்களோ அந்த மொழியைக் கேட்காத குழந்தைகளின் நிலையிலேயே இருந்தார்கள்.

2010இல் வெளியான இன்னொரு ஆய்வு பெற்றோர் கவனிக்க வேண்டியது. ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளுக்குச் சொல் கற்றுத்தரும் ஒரு வீடியோவை நான்கு வாரம் வீட்டில் காட்டச் சொன்னார்கள். பார்த்த குழந்தைகள் பார்க்காதவர்களை விட அதிகம் கற்கவில்லை. வீடியோ எதுவும் இல்லாமல், அதே சொற்களை அன்றாடப் பேச்சில் சொல்லிக் கொடுத்த பெற்றோரின் குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். அந்த வீடியோவை விரும்பிய பெற்றோர், தங்கள் குழந்தை நிறையக் கற்றதாக நம்பினார்கள் என்பதும் ஆய்வில் தெரிந்தது. குழந்தை இமை கொட்டாமல் பார்ப்பதைக் கற்றல் என்று எடுத்துக்கொள்வது எளிது. வேகமாக மாறும் வெளிச்சத்தையும் ஒலியையும் விட்டுக் கண்ணை எடுக்க அந்த வயதில் முடிவதில்லை, அவ்வளவுதான்.

டி.வி. சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது, குழந்தை அதைப் பார்ப்பதில்லை. அதில் என்ன தவறு?

பெரும்பாலோர் யோசிக்காத இடம் இது. கார்ட்டூனைப் பற்றிக் கவலைப்படுகிற வீடுகளில்கூட, காலையில் போட்ட டி.வி. இரவு வரை ஓடும்.

2008இல் வந்த ஓர் ஆய்வில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளைப் பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விளையாட விட்டார்கள். அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சி பக்கத்தில் ஓடியது. குழந்தைகளுக்கு அது புரியாது. நிமிடத்துக்கு ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தாலும் சில நொடிகள்தான். அப்படியிருந்தும் ஒரு பொம்மையோடு விளையாடும் நேரம் சுருங்கிவிட்டது. ஒரு வேலையில் ஆழ்ந்து போவதும் குறைந்தது. கட்டையை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கைத்தட்டல் ஒலி வருகிறது, தலை திரும்புகிறது. மறுபடி குனியும்போது கட்டை நினைவில் இருப்பதில்லை, கை வேறு பொம்மைக்குப் போய்விடுகிறது.

அடுத்தது பேச்சு. இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் உடையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்து நாள் முழுக்கப் பதிவு செய்த ஆய்வு 2009இல் வந்தது. டி.வி. சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகளும் குறைந்தன. டி.வி. ஓடும்போது நாம் பேசுவதை நிறுத்துகிறோம், அது நமக்கே தெரிவதில்லை.

இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: யாரும் பார்க்காத டி.வி.யை அணைத்துவிடுங்கள்.

குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. டி.வி.தான் காரணமா? ஆட்டிசம் வந்துவிடுமா?

டி.வி. பார்ப்பதால் ஆட்டிசம் வராது. அது பிறப்பிலிருந்தே மூளை வளர்ச்சியில் இருக்கும் வேறுபாடு, மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. "நாமதான் டி.வி. காட்டிக் கெடுத்துட்டோம்" என்று தங்களையே குறை சொல்லிக்கொண்டிருக்கும் பெற்றோர் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கலாம்.

ஆனால் பேச்சு தாமதம் வேறு விஷயம். நாளின் பெரும்பகுதி திரை முன்னால் போனால், எதிரில் ஒருவர் பேச, குழந்தை பதிலுக்குச் சத்தம் எழுப்ப, அதற்கு அவர் மறுபடி பேச என்று நடக்க வேண்டிய பரிமாற்றம் குறைந்துவிடும். அதனால் பேச்சு பின்தங்கலாம். திரையைக் குறைத்து நிறையப் பேசினால் முன்னேற்றமும் வரலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "டி.வி.யை நிறுத்திவிட்டோம், சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்ற பரிசோதனையும் கட்டாயம் தேவை. டி.வி.யை நிறுத்துவதும் மருத்துவரைப் பார்ப்பதும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

கார்ட்டூன் பார்த்துவிட்டு என் பையன் எல்லோரையும் அடிக்கிறான். இதற்குச் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் கார்ட்டூன் மேல் போட முடியாது.

உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டுரா 1960களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகள் இதில் புகழ்பெற்றவை. காற்றடைத்த ஒரு பெரிய பொம்மையைப் பெரியவர் ஒருவர் குத்துவதையும், சுத்தியலால் அடிப்பதையும், உதைப்பதையும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பார்த்தார்கள். சிலர் நேரில், சிலர் படமாக, வேறு சிலர் பூனை வேடம் போட்ட ஒருவர் செய்வதைக் கார்ட்டூன் போலத் திரையில். பின்னர் அதே பொம்மையோடு தனியாக விட்டபோது மூன்று குழுக்களிலுமே அடி, உதை கூடியது. அதே வசனங்களைக்கூடச் சொன்னார்கள்.

அதைத் தொடர்ந்து 1965இல் வந்த சோதனை இன்னும் முக்கியமானது. அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு தருகிறோம்" என்றதும் அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். கடைசியில் வில்லன் தோற்றுவிடுகிறான், அதனால் பரவாயில்லை என்று சமாதானம் சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வில்லன் தோற்றாலும் அவன் அடித்த விதம் மனசில் பதிந்துவிடுகிறது.

பொம்மையை அடிப்பது வேறு, மனிதரை அடிப்பது வேறு என்ற விமர்சனம் பண்டுராவின் சோதனைக்கு உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் நிஜ வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களின் முடிவுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1970களில் கனடாவில் டி.வி. அலைவரிசை எட்டாத ஒரு சிற்றூருக்கு முதல் முறையாக டி.வி. வந்தபோது, வருவதற்கு முன்பும் இரண்டு ஆண்டு கழித்தும் குழந்தைகளைக் கவனித்தார்கள். விளையாட்டு நேரத்தில் அடிதடியும் வசையும் கூடியிருந்தன. 1990களின் இறுதியில் கலிபோர்னியாவில் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளின் டி.வி. நேரத்தைக் குறைக்கப் பள்ளி வழியாகவே முயன்றார்கள். உடல் எடை கூடும் வேகமும் குறைந்தது, விளையாட்டு மைதானத்துச் சண்டையும் குறைந்தது.

ஆகவே உங்கள் பையன் அடித்தால் மூன்றைப் பாருங்கள். என்ன பார்க்கிறான்? எவ்வளவு நேரம் பார்க்கிறான்? வீட்டில் கோபம் வந்தால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? மூன்றாவதை யாரும் கேட்க விரும்புவதில்லை. பண்டுராவின் சோதனையில் இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினர் நேரில் பார்த்துத்தான் கற்றார்கள்.

நல்ல நீதி சொல்லும் கார்ட்டூன் என்றால் தாராளமாகக் காட்டலாம்தானே?

காட்டலாம். ஆனால் நீதி தானாகப் போய்ச் சேராது. ஊருக்குப் புதிதாக மூன்று கால் நாய் ஒன்று வருகிறது, மற்ற நாய்கள் அதைக் கண்டு தயங்கி ஒதுங்குகின்றன, கடைசியில் நண்பர்களாகிவிடுகின்றன என்ற ஒரு கார்ட்டூன் கதையை ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் காட்டி, 2008இல் ஒரு ஆய்வு வந்தது. வேறுபட்டவர்களை ஒதுக்கக்கூடாது என்பதுதான் கதையின் நோக்கம். குழந்தைகளில் நிறையப் பேர் புரிந்துகொண்டது, மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்பது. மூன்று கால் நாயிலிருந்து வகுப்பில் திக்கிப் பேசும் சிறுவனுக்கு வந்து சேர அந்த வயதில் ஒரு பெரியவரின் துணை வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். இருபது நிமிடக் கதையில் பதினைந்து நிமிடம் கிண்டலும் ஒதுக்கலும் சண்டையும், கடைசி மூன்று நிமிடம் மன்னிப்பும் கட்டிப்பிடிப்பும் என்றால் குழந்தை எதை அதிகம் பார்த்தது?

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்றால் என்ன செய்ய வேண்டும்?

பாடம் நடத்த வேண்டாம். சாதாரணமாகப் பேசினால் போதும். பூனை மரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அய்யோ, விழுந்துடுச்சே. நிஜப் பூனை விழுந்தா என்ன ஆகும்?"

"கால் வலிக்கும்மா."

"ஆமா கண்ணா. இந்தப் பூனை மட்டும் எப்படி உடனே எழுந்து ஓடுது?"

"அது படம்தானே!"

இவ்வளவுதான். படத்துக்கும் நிஜத்துக்கும் இடையில் உள்ள கோடு அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது. "படம்தானே" என்ற பதில் வரவில்லை என்றால், அந்தக் கார்ட்டூன் இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். எல்லா நாளும் கூட உட்கார முடியாது, யாராலும் முடியாது. புது நிகழ்ச்சி என்றால் முதல் ஓரிரு பகுதிகளையாவது சேர்ந்து பாருங்கள். மற்ற நாட்களில் இரவுச் சாப்பாட்டின்போது "இன்னிக்கு அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டால்கூட நல்லதுதான். கதையை வரிசையாகத் திருப்பிச் சொல்வது குழந்தைக்குப் பெரிய பயிற்சி.

வேகமான கார்ட்டூன்கள் கவனத்தைக் கெடுக்குமா?

பார்த்த உடனே, ஆம். 2011இல் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை வைத்து நடந்த சோதனையில், ஒரு குழு ஒன்பது நிமிடம் மிக வேகமான கார்ட்டூன் பார்த்தது. அதில் சராசரியாக 11 நொடிக்கு ஒரு முறை காட்சி மாறும். இன்னொரு குழு 34 நொடிக்கு ஒரு முறை காட்சி மாறும் நிதானமான கார்ட்டூன் பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. உடனே வைத்த சோதனைகளில், பொறுத்திருப்பதிலும் யோசித்துச் செய்வதிலும் வேகமான கார்ட்டூன் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். இதன் பாதிப்பு எத்தனை நாள் நிற்கும் என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை. ஆனாலும் வீட்டுப்பாடத்துக்கு முன்னால், பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் அப்படிப்பட்டதைப் போடாமல் இருக்க இது போதுமான காரணம்.

அப்படியானால் டி.வி.யால் நல்லதே நடக்காதா?

நடக்கும். 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியை, குழந்தை வளர்ச்சி அறிந்தவர்கள் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து திட்டமிட்டார்கள். எழுத்து, எண் போன்றவற்றில் அதை அடிக்கடி பார்த்த குழந்தைகள் முன்னேறினார்கள் என்று ஆரம்ப ஆண்டுகளிலேயே மதிப்பீடுகள் காட்டின. அது ஒளிபரப்பாகத் தொடங்கிய காலத்தில், அலைவரிசை தெளிவாக எட்டிய பகுதிகளில் வளர்ந்த குழந்தைகள் தங்கள் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் படித்தார்கள் என்று பிற்காலத்தில் இரண்டு பொருளியல் ஆய்வாளர்களும் கண்டார்கள். வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

நல்ல நிகழ்ச்சி என்று எதைப் பார்த்துச் சொல்வது? கதை நிதானமாக நகரும். பாத்திரம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தை பதில் சொல்ல இடம் விடும். ஒரே விஷயம் வேறு வேறு விதமாகத் திரும்ப வரும். முடிந்ததும் குழந்தை எழுந்து அதை விளையாட்டாக நடித்துப் பார்க்கும். இதில் கடைசி அடையாளத்தை நான் ரொம்ப நம்புகிறேன்.

படம் பார்த்துவிட்டு இரவில் பயந்து அழுகிறாள். அதில் பயப்பட ஒன்றுமே இல்லையே?

நமக்கு இல்லை. ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் தோற்றத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். நல்லவனாக இருந்தாலும் உருவம் விகாரமாக மாறினால் போதும். கொஞ்சம் வளர்ந்த பின் பயம் வேறு இடத்துக்குப் போகும்: திருடன், தீ, பெற்றோரை இழப்பது, செய்தியில் பார்த்த விபத்து. சிறு குழந்தையிடம் "அது நிஜமில்லை" என்று விளக்குவது அவ்வளவாக உதவாது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க ஏதாவது கொடுங்கள், விளக்கை எரிய விடுங்கள். பெரிய குழந்தையிடம் விளக்கிப் பேசலாம்.

இதே காரணத்தால், பெரியவர்கள் பார்க்கும் செய்தியையும் அழுகை, சதி, பழிவாங்கல் நிறைந்த சீரியலையும் சிறு குழந்தை முன் வைக்க வேண்டாம் என்பேன். ஒரே விபத்தைச் செய்தியில் பத்து முறை காட்டினால், பத்து விபத்து நடந்ததாக எண்ணிக்கொள்ளும் வயது உண்டு.

விளம்பரத்தில் வருவதையெல்லாம் கேட்டு அடம் பிடிக்கிறான்.

நான்கைந்து வயது வரை நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்றே பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம்மை வாங்க வைக்கத்தான் இதைச் சொல்கிறார்கள் என்பது புரிய ஏழு, எட்டு வயதாகும். ஸ்வீடனில் 12 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் டி.வி. விளம்பரங்களுக்கும், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கும் தடை இருக்கிறது. நாம் வீட்டில் செய்யக்கூடியது விளம்பரம் இல்லாத வழியில் காட்டுவது. பிரபலக் கார்ட்டூன் பாத்திரம் அச்சடித்த தின்பண்டமும் விளம்பரம்தான் என்பதை மறக்காதீர்கள்.

டி.வி. போட்டால்தான் சாப்பிடுகிறாள்.

அப்போது சாப்பிடுவது அவள் அல்ல, வாய்தான். வயிறு நிறைந்தது தெரியாமல் அதிகம் போகும். மெல்வது, ருசி பார்ப்பது, "போதும்" என்று சொல்வது எதுவும் பழகாது. ஒரு வாரம் குறைவாகச் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று துணிந்து நிறுத்துங்கள். ஆரோக்கியமான குழந்தை பசித்தால் சாப்பிடும். எடை ஏற்கெனவே குறைவு என்றால் மட்டும் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கண் கெட்டுவிடுமா?

டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கெட்டுவிடும் என்பது சரியில்லை. ஆனால் தினமும் போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்தால் கிட்டப்பார்வை இருக்கலாம், பரிசோதியுங்கள். கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவுவது வெளி வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்தபோது, மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம், மற்ற பள்ளிகளில் சுமார் 40 சதவீதம்.

தூங்கும் முன் கொஞ்ச நேரம் பார்த்தால்?

வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். படுக்கையறையில் டி.வி.யும் வேண்டாம்.

மொபைலை விட டி.வி. பரவாயில்லையா?

என் கருத்தில், ஆம். டி.வி.யில் ஓடுவது சமையலறை வரை கேட்கும். மொபைலில் தனியாகப் பார்க்கும் குழந்தை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக வரும். பிரபலக் குழந்தைப் பாத்திரங்களை வைத்து வன்முறையும் ஆபாசமும் கலந்த போலி வீடியோக்கள் யூடியூபில் ஏராளமாக இருந்தது 2017இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்தி வையுங்கள்.

அணைத்தால் கத்திக் கூச்சல் போடுகிறான். என்ன செய்வது?

"இன்னும் இரண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே சொன்னால் அடம் குறையும் என்று நாம் நம்புகிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் பார்த்தபோது, அந்த எச்சரிக்கைக்குப் பிறகு அடம் கூடியது. கதை தானாக முடிந்த இடத்தில் நிறுத்தியபோதும், தினமும் அந்த நேரத்தில் நிறுத்துவது வழக்கமாக இருந்தபோதும் குழந்தைகள் எளிதாக எழுந்து போனார்கள். ஆகவே நிமிடக் கணக்கை விட்டுவிட்டு "இந்தக் கதை முடிஞ்சதும் குளிக்கப் போறோம்" என்று சொல்லுங்கள். முடிந்ததும் ரிமோட்டைக் குழந்தை கையிலேயே கொடுத்து அணைக்கச் சொல்லுங்கள். அப்புறம் உடனே செய்ய ஒரு வேலை தயாராக இருக்கட்டும். கத்தியதும் மறுபடி போடுவதை மட்டும் செய்யாதீர்கள். கத்தினால் கிடைக்கும் என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

தாத்தா பாட்டி கேட்காமல் போட்டுக் கொடுக்கிறார்கள். எப்படிச் சொல்வது?

தடை போடும் தொனியில் சொன்னால் மனஸ்தாபம்தான் வரும். அவர்களுக்கும் ஓய்வு வேண்டும், நாள் முழுக்கக் குழந்தை பின்னால் ஓட முடியாது. எந்த நேரத்தில் அவர்களுக்கு முடியாமல் போகிறது என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரத்தை டி.வி. நேரமாக வையுங்கள், நிகழ்ச்சியை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். "அத்தை, அவன் கூட உக்காந்து நீங்களும் பாருங்க, நடுநடுவுல என்னன்னு கேளுங்க" என்று மாமியாரிடம் சொன்னால், பெரும்பாலும் அவர்கள் அதை மகிழ்ச்சியாகவே செய்வார்கள். ஒரு படம் ஓடி முடிவதற்குள் பாட்டி தன் கதை இரண்டைச் சொல்லியிருப்பார்.